அன்னாசி போட்டா ஸ்ரீகண்ட் ஏன் கசக்குது?

ஒரு வாசகி கேட்டிருந்த கேள்வி இது. மாம்பழம் போட்டு ஆம்ரகண்ட் பண்ணினாங்களாம், சூப்பரா வந்துச்சாம். அதே மாதிரி தயிரை வடிகட்டி, மாம்பழத்துக்கு பதிலா வேகவைக்காத அன்னாசியை பொடியா நறுக்கி கலந்து ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்காங்க, மறுநாள் எடுத்து பாத்தா கெட்டியா இருந்தது நீர்த்துப் போய், வாயில வச்சா ஒரே கசப்பு. தயிர் கெட்டுப் போச்சா, இல்ல தயிரும் பழமும் சேர்ந்தா விஷம்னு எங்க மாமியார் சொல்றது நிஜமான்னு கேட்டாங்க. ரெண்டுமே இல்லங்க.

தெரியாதவங்களுக்கு, ஸ்ரீகண்ட் மகாராஷ்டிரா, குஜராத் பக்கத்து இனிப்பு. மராத்தி புத்தாண்டான குடி பாட்வா அன்னிக்கு பூரியோட சாப்பிடுவாங்க. தயிரை மெல்லிசு துணியில கட்டி தொங்க விட்டா தண்ணி வடிஞ்சு கெட்டியா ஒன்னு மிஞ்சும், அதை அங்க சக்கான்னு சொல்வாங்க. அதுல சர்க்கரை, ஏலக்காய், குங்குமப்பூ. அல்போன்சா சீசன்ல மாம்பழக் கூழும் சேர்த்தா ஆம்ரகண்ட். அடிக்குற வெயிலுக்கு அடுப்பு பக்கமே போகாம பண்ணலாம்.

தயிர் உறையுறது ஸ்கூல்ல படிச்சதுதான். பாக்டீரியா பால்ல இருக்குற சர்க்கரையான லாக்டோஸை லாக்டிக் ஆசிட் ஆக்கும். பால் புரோட்டீன்ல சுமார் 80 சதவீதம் கேசீன், அது கண்ணுக்கு தெரியாத உருண்டைகளா, மேல நெகட்டிவ் சார்ஜோட ஒன்னை ஒன்னு தள்ளிக்கிட்டு மிதக்கும். புளிப்பு ஏறி பிஹெச் 4.6 பக்கம் வந்ததும் அந்த சார்ஜ் சமமாகி உருண்டைங்க ஒட்டிக்கிட்டு ஒரு வலை மாதிரி ஆயிடும், தண்ணி அதுக்குள்ள மாட்டிக்கும். துணியில கட்டினா தண்ணி போய் வலை மட்டும் நெருக்கமாகும். வடியுற தண்ணி லேசா பச்சை கலந்த மஞ்சளா இருக்கே, அது ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2. சர்க்கரை போட்டதும் சக்கா கொஞ்சம் இளகுறது சகஜம், சர்க்கரை மிச்சம் இருக்குற தண்ணியில கரைஞ்சு திரவம் கூடுது, அவ்ளோதான்.

இப்போ அன்னாசிக்கு வருவோம், எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இது. அன்னாசியில புரோமெலைன்னு ஒரு என்சைம் கூட்டம் இருக்கு. அதோட வேலையே புரோட்டீன் சங்கிலியை வெட்டுறது. பப்பாளியில பப்பைன், கிவியில ஆக்டினிடின், எல்லாம் ஒரே வகை. மட்டன் வேக பப்பாளிக்காய் அரைச்சு தடவுறோமே, அதே வேலை. இது சக்காவுக்குள்ள போனா கேசீன் வலையை கண்ணி கண்ணியா கத்தரிக்கும், பிடிச்சு வச்சிருந்த தண்ணி வெளிய வந்துடும். ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் நிக்காது, மெதுவா நடந்துக்கிட்டே இருக்கும்.

சரி, கசப்பு எங்கிருந்து வந்துச்சு? கேசீன்ல லியூசின், புரோலின், ஃபீனைல்அலனின் மாதிரி தண்ணியை பிடிக்காத அமினோ அமிலங்கள், அதாவது புரோட்டீன் சங்கிலியோட கண்ணிகள், நிறைய. முழு புரோட்டீனா இருக்கும்போது அதுல பெரும்பகுதி உள்பக்கமா ஒளிஞ்சிருக்கும், தவிர அவ்ளோ பெரிய மூலக்கூறு நாக்குல சுவையை உணர்ற ஏற்பிக்குள்ள நுழையவும் முடியாது. வெட்டினதும் சில அமினோ அமிலம் மட்டுமே நீளம் இருக்குற துண்டுகள் வருது, ஒளிஞ்சிருந்த பக்கம் வெளிய தெரியுது, கசப்பு ஏற்பியில போய் கச்சிதமா உக்காந்துடுது. மனுசனுக்கு இந்த கசப்பு ஏற்பி மட்டுமே 25 வகை கிட்ட இருக்கு, செடியில இருக்குற நஞ்சை கண்டுபிடிச்சு துப்பறதுக்காக வந்தது. அதாவது கசக்காத ஒரு புரோட்டீன், அதுல புதுசா எதுவுமே சேராம, வெறும் வெட்டினதாலயே கசக்குது! எத்தனை தடவை யோசிச்சாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

அப்போ விஷமா? கிடையாது. நம்ம வயித்துல பெப்சின், குடல்ல டிரிப்சின்னு இருக்குற என்சைம்கள் தினமும் இதே கேசீனை இதே மாதிரிதான் வெட்டுது, நாக்கை தாண்டி நடக்குறதால நமக்கு தெரியல. பழமும் தயிரும் சேரக்கூடாதுன்னா ஆம்ரகண்ட் சாப்பிடுற ஊரே படுத்திருக்கணுமே. பெரியவங்க சொன்னா மரியாதையா கேட்போம், ஆனா ஏன்னு திருப்பி கேக்குற பழக்கம் வீட்ல வரணும்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

இது சமையல் விஷயத்தோட முடியல. பசும்பால் புரோட்டீன் அலர்ஜி இருக்குற குழந்தைகளுக்கு புரோட்டீனை முன்னாடியே வெட்டி வச்ச பால் பவுடர் குடுப்பாங்க, அது இதே காரணத்தால கசக்கும், குழந்தைங்க துப்பும். அந்த பெத்தவங்க படுற பாட்டை பாத்தா, கசப்பு வராம வெட்டுற என்சைம் தேடுற ஆராய்ச்சிக்கு நம்ம மைசூர் சிஎஃப்டிஆர்ஐ (உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்), கர்னால் என்டிஆர்ஐ (பால் ஆராய்ச்சி நிறுவனம்) மாதிரி இடங்கள்ல தாராளமா பணம் ஒதுக்கணும். ராக்கெட் மட்டும்தான் அறிவியல்னு நினைக்கிறது தப்பு.

அன்னாசி ஸ்ரீகண்ட்தான் வேணும்னா வழி இருக்கு. நறுக்கின அன்னாசியை கொஞ்சம் சர்க்கரையோட அடுப்புல வச்சு, நல்லா கொதி வந்து துண்டு நடுவுல வரைக்கும் வெந்து பாகு கெட்டியாகுற வரை விடுங்க, என்சைம் அந்த சூட்டுல உருக்குலைஞ்சு செயலிழந்துடும். முழுசா ஆறினதுக்கு அப்புறம் சக்காவுல கலக்குங்க. டின்ல வர்ற அன்னாசின்னா ஏற்கனவே சூடு பண்ணினதுதான், சாறை வடிச்சுட்டு அப்படியே போடலாம். பச்சையா கிவி போட ஆசைன்னா பரிமாறும்போது மேல வச்சு உடனே சாப்பிட்டுடுங்க.