ஐந்து தீப்பெட்டியும் ஓர் ஆரணி அட்டையும்

குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியராக இருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் இருநிலை எண்களை, அதாவது ஒன்றும் சைபரும் மட்டுமே கொண்டு எழுதும் எண்களை, கரும்பலகையில்தான் நடத்தினேன். இரண்டால் வகு, மீதியைப் பக்கத்தில் எழுது, கீழிருந்து மேலாகப் படி. பிள்ளைகளும் சரியாகப் போட்டார்கள். ஒரு ரிவிஷன் தேர்வில் அந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கிய மாணவி, பேப்பரை வாங்கிக்கொண்டு என் மேஜை அருகிலேயே நின்றாள். "சார், இந்த ஒண்ணும் சைபரும் கம்ப்யூட்டர்ல எங்க சார் இருக்குது? யாரு எழுதி வெக்கிறாங்க?" என்று கேட்டாள். மின்னழுத்தம், டிரான்சிஸ்டர் என்று ஏதோ சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். புரியவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

அடுத்த வாரம் தீப்பெட்டி வாங்கினேன்.

குடியாத்தத்தில் தீப்பெட்டி ஒரு தொழில். பல பிள்ளைகளின் வீட்டில் யாராவது அந்த வேலைக்குப் போகிறவர்கள். அதனால் காலிப் பெட்டி கிடைப்பது கஷ்டமில்லை. ஆளுக்கு ஐந்து பெட்டி. வலக்கோடியில் இருப்பதில் ஒரு காராமணி, அதற்கு இடப்பக்கம் இரண்டு, பிறகு நான்கு, எட்டு, பதினாறு. பெட்டி திறந்திருந்தால் 1, மூடியிருந்தால் 0. அவ்வளவுதான் விதி. "உங்கள் பிறந்த தேதியைக் காட்டுங்கள்" என்பேன். 23ஆம் தேதி பிறந்தவன் சற்றுத் தடுமாறி, பதினாறைத் திறப்பான், எட்டைத் திறந்து கூட்டிப் பார்த்து மூடுவான், நான்கு, இரண்டு, ஒன்று திறப்பான். திற, மூடு, திற, திற, திற. அதையே கரும்பலகையில் 10111 என்று எழுதினால் அது அவனுடைய எண் ஆகிவிடுகிறது. ஐந்து பெட்டியையும் திறந்தால் 31. மாதத்தின் எந்தத் தேதியும் ஐந்து பெட்டிக்குள் அடங்கிவிடும். 32 வேண்டுமென்றால் என்ன செய்வது என்று நான் கேட்பதற்குள் யாராவது ஒருவர் ஆறாவது பெட்டிக்குக் கை நீட்டிவிடுவார்கள்.

இரண்டால் வகுக்கும் முறையை இதற்குப் பிறகுதான் சொல்லித் தருகிறேன். அப்போது அது சுருக்கு வழியாகத் தெரிகிறது. முதலிலேயே சொன்னால் மந்திரமாகத்தான் தெரியும்.

கம்ப்யூட்டரைத் தொடாமலே கணினி அறிவியலைக் கையால் செய்து கற்பிக்கும் இந்த வழி என் கண்டுபிடிப்பு இல்லை. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் டிம் பெல்லும் அவருடன் சேர்ந்தவர்களும் 1990களிலேயே இப்படிப் பல செயல்பாடுகளை உருவாக்கினார்கள். 'சிஎஸ் அன்பிளக்டு' என்ற பெயரில் அவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே புள்ளி போட்ட அட்டை, என் வகுப்பில் தீப்பெட்டி. அட்டையை விடத் தீப்பெட்டி எனக்குப் பிடித்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையும் விரலால் தொட்டே எண்ணைப் படித்துவிட முடியும்.

சரி, அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஒன்றும் சைபரும் எங்கே இருக்கிறது? தீப்பெட்டி அதற்குப் பாதிப் பதில்தான். மீதிப் பதிலை ஆரணியிலிருந்து ஒரு நெசவாளர் கொண்டுவந்தார்.

ஆரணி இப்போது திருவண்ணாமலை மாவட்டம். பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அது இன்றும் பக்கத்து ஊர்தான். பட்டு நெசவுக்குப் பேர்போன இடம். என் மாணவன் ஒருவனுடைய தாய்மாமா அங்கே தறி வைத்திருக்கிறார். தறியில் டிசைன் போட உதவும், பழசாகிப்போன ஜக்கார்டு அட்டைகளை ஒரு கட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். நீளவாக்கில் வெட்டிய கெட்டி அட்டை, வரிசையாகத் துளைகள், ஒன்றோடொன்று கயிற்றால் கோத்த சங்கிலி. தறிக்கு மேலே பெட்டி போல உட்கார்ந்திருக்கும் இயந்திரத்தில் இது சுற்றும். மிதியை ஒரு தடவை மிதித்தால் ஓர் அட்டை வந்து நிற்கும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அந்தக் கொக்கியில் மாட்டிய பாவு நூல் (நெடுக்கு நூல்) மேலே எழும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டுவிடும், நூல் கீழேயே இருந்துவிடும். எழுந்த நூலுக்கு அடியில் ஊடை, அதாவது குறுக்கு நூல், ஓடும். பிறகு அடுத்த அட்டை.

"ஓட்டை இருந்தா தூக்கும், இல்லன்னா தூக்காது. மூணாவதா ஒண்ணு கெடையாது சார்" என்றார் அவர். நான் மூன்று வருடம் சொல்ல முயன்றதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு இந்தத் தறியைச் செய்தது 1804இல். சார்லஸ் பாபேஜ் தான் திட்டமிட்ட பகுப்பாய்வு இயந்திரத்துக்கு (இன்றைய கம்ப்யூட்டருக்கு முன்னோடி) இதே துளை அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். அமெரிக்காவின் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹாலரித் துளை அட்டை இயந்திரத்தால் எண்ணினார். பாடப்புத்தகத்தில் பாபேஜ் படத்தோடு வருகிறார். அவர் எடுத்துக்கொண்ட யோசனை பக்கத்து ஊர்த் தறிமேல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் இத்தனை நாள் இருந்துவிட்டோமே என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது.

அதற்குப் பிறகு வகுப்பையே தறியாக்கினோம். எட்டு வெள்ளைக் கயிறு. ஒரு முனை ஜன்னல் கம்பியில், மறுமுனை எட்டு மாணவர்கள் கையில். கோடு போட்ட தாளில் எட்டுக்கு எட்டுக் கட்டம் வரைந்து, அதில் 'ட' எழுத்தை நிரப்பி, ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை வெட்டித் துளை போட்டோம். நான் அட்டையைத் தூக்கிக் காட்டுவேன். தன் எண்ணுக்கு நேரே துளை இருந்தால் கயிற்றைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் தாழ்த்த வேண்டும். இரண்டு பேர் சிவப்புத் துணிப் பட்டையை நடுவில் ஓட்டுவார்கள். எட்டு அட்டை முடிந்ததும் சிவப்பின்மேல் வெள்ளையாக 'ட' தெரிந்தது. கோணல்மாணலாகத்தான் இருந்தது, ஆனாலும் கைதட்டல் அடங்க நேரமானது. இன்னொரு குழுவில் ஓர் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார்கள், எழுத்து உடைந்துபோனது. எந்த அட்டையில் பிழை என்று ஒவ்வொரு வரிசையாகத் துணியையும் தாளையும் ஒப்பிட்டுத் தேடினார்கள். பிழை திருத்துவது என்றால் என்ன என்று நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை. எட்டுத் துளை இடம் என்றால் 256 விதமான அட்டை. எட்டு ஒன்று-சைபர் சேர்ந்ததுதான் ஒரு பைட், அதையும் அன்றைக்கே முடித்துவிட்டோம்.

தமிழ் எழுத்து கம்ப்யூட்டருக்குள் எப்படி இருக்கிறது என்பதையும் ஆட்களை நிற்க வைத்தே காட்டலாம். இது என் வகுப்பில் எல்லாரும் விரும்பிக் கேட்கும் செயல்பாடு. 'வேலூர்' என்று எழுத மூன்று எழுத்து. ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ஆறு பேர் வேண்டும். வ, அதன் ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. ஆளுக்கு ஓர் அட்டை. கணினி சேமிக்கும் வரிசையில் ஏகாரக் குறி 'வ'வுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். "திரையில் காட்டு" என்றதும் அந்தக் குறியைப் பிடித்திருப்பவள் ஓடிவந்து 'வ'வுக்கு முன்னால் நிற்பாள். புள்ளிக்காரன் 'ர'வின் தலைக்கு மேலே அட்டையைத் தூக்கிப் பிடிப்பான். பிறகு லேபுக்குப் போய் பைத்தான் என்ற நிரல் மொழியில் இந்தச் சொல்லின் நீளம் கேட்டால் 6 என்று வரும். ஆடிப் பார்க்காத வகுப்பு அதைத் தவறு என்று சொல்லும். ஆடிப் பார்த்த வகுப்புக்கு ஏன் என்று தெரியும். 'அ'வின் யூனிகோடு எண் 2949. அதைத் தீப்பெட்டியில் காட்ட எத்தனை பெட்டி வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுங்கள். பன்னிரண்டு.

பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்திலேயே விவசாயி, ஆடு, புல்கட்டு, ஓநாய் ஆற்றைக் கடக்கும் புதிர் இருக்கிறது. படகில் விவசாயியோடு ஒன்றுதான் ஏறலாம், அவர் இல்லாவிட்டால் ஓநாய் ஆட்டையும் ஆடு புல்லையும் தின்றுவிடும். அதைப் படித்துக் காட்டாதீர்கள், நடிக்க விடுங்கள். தரையில் இரண்டு கோடு போட்டு இதுதான் பாலாறு என்றால் போதும். ஏழு தடவை கடக்க வேண்டும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். நடுவில் ஆட்டைத் திரும்பக் கூட்டிவர வேண்டிய இடத்தில்தான் எல்லாரும் நிற்பார்கள். அந்த இடத்தில் உதவாதீர்கள்.

கோலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு மாணவி மனதில் ஒரு சிக்குக் கோலத்தை வைத்துக்கொண்டு, படம் காட்டாமல், கையால் ஜாடையும் செய்யாமல், வாய்வார்த்தையால் மட்டும் இன்னொருத்தியைப் போட வைக்க வேண்டும். "அஞ்சு புள்ளி வை" என்பாள். நேர்ப்புள்ளியா சந்துப்புள்ளியா என்ற கேள்வி உடனே வரும். "சுத்தி வா" என்பாள். எந்தப் பக்கம்? இப்படித்தான் ஒரு கட்டளை எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று தெரிகிறது. தேர்வில் பின்தங்கிய பிள்ளைகள் சிலர் இதில் எல்லாரையும் விட நன்றாகச் செய்கிறார்கள். தினமும் வாசலில் செய்கிற வேலை அது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974இலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக்கி, அதாவது கோலம் உருவாகும் விதிகளாக எழுதி, ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். இதையும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அதே கோலப்பொடியால் மைதானத்தில் வரிசைப்படுத்தும் பாதையும் போடலாம். முதல் தடவை ஐம்பது பேரையும் ஒரே நேரத்தில் இறக்கிப் பெரிய வலையாகப் போட்டேன். யார் எங்கே போகிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை, பாதி வகுப்பு வேடிக்கை பார்த்தது. இப்போது நான்கு பேர், இருவர் இருவராகச் சந்திக்கத் தரையில் ஐந்து வட்டம். முதலில் இரண்டு ஜோடி சந்திக்கும். உயரம் குறைந்தவர் இடப்பக்கம், கூடியவர் வலப்பக்கம். பிறகு குறைந்தவர்கள் இருவர் சந்திப்பு, கூடியவர்கள் இருவர் சந்திப்பு. கடைசியாக நடுவில் மிஞ்சிய இருவர். யார் எந்த வரிசையில் கிளம்பினாலும் முடிவில் உயர வரிசையில்தான் நிற்பார்கள். மற்றவர்கள் நோட்டில் ஒவ்வொரு சந்திப்பையும் எழுத வேண்டும். எழுதவில்லையென்றால் அது விளையாட்டு வகுப்பாகவே முடிந்துபோகும். நான் சில தடவை அப்படி விட்டிருக்கிறேன், ஒரு வாரத்தில் எல்லாம் மறந்திருந்தது.

அப்புறம், லேபில் மவுஸ் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு சிஸ்டத்துக்கு மூன்று நான்கு பேர் உட்காரும்போது பேசத் தெரிந்த ஒருவனே கடைசிவரை பிடித்திருப்பான், பெண்பிள்ளைகள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடித்து ஆளை மாற்றுகிறேன். தீப்பெட்டி ஆளுக்கு ஐந்து என்று வைத்ததற்கும் இதுதான் காரணம்.

பெற்றோர்களுக்கு ஒன்று. பணம் கட்டி ஏதோ ஒரு கோர்ஸில் சேர்த்து, எந்த பட்டனை அழுத்தினால் எழுத்து தடிமனாகும் என்று கற்றுக்கொண்டு வருவதைக் கணினி படித்ததாக நினைக்காதீர்கள். அந்த பட்டன் அடுத்த பதிப்பில் வேறு இடத்துக்குப் போய்விடும். பிள்ளை வீட்டில் தீப்பெட்டியையும் கயிற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் திட்டாமல், என்ன செய்கிறாய் என்று கேளுங்கள். உங்களுக்கு விளக்கிச் சொல்ல முடிந்தால் அதற்குப் பாடம் புரிந்திருக்கிறது.

என்னிடம் இருக்கும் ஜக்கார்டு அட்டைகள் பல கை மாறி ஓரமெல்லாம் கிழிந்துவிட்டன. புடவை டிசைன் மாறினால் பழைய அட்டைக்குத் தறியில் வேலையில்லை. ஆரணியிலோ காஞ்சிபுரத்திலோ உங்களுக்குத் தெரிந்த தறிக்காரர் யாராவது இருந்தால், அந்தக் கட்டை எடைக்குப் போடும் முன்பு உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அவரையும் ஒரு பீரியட் வந்து பேசச் சொல்லுங்கள்.