ஆடிப் பட்டம்: சொல் விளக்கம்

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற பழமொழியை அதன் மேற்பொருளிலேயே எடுத்துக்கொண்டு, டர்பனில் ஆடி மாதத்தில் வெண்டையும் பாகலும் ஊன்றுகிறவருக்கு விதை சரியாக முளைக்காது. ஜூலை நடுவில் தொடங்கும் ஆடி, தென்னாப்பிரிக்காவின் இப்பகுதியில் மழை குறைந்த குளிர்காலத்தின் நடுப்பகுதியாகும். இதனால் பழமொழி பொய்த்துவிட்டது என்று எண்ணுவோர், அதிலுள்ள 'பட்டம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும்.

இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பட்டம் என்றால் பல்கலைக்கழகம் தருவதும், நூல் கட்டிப் பறக்கவிடுவதும்தான் நினைவுக்கு வரும். முதற்பொருள், சிறப்புப் பெற்றவரின் நெற்றியில் கட்டிய பொற்றகட்டிலிருந்து வளர்ந்தது. வடமொழியில் அது 'பட்ட' எனப்படும். உழவர் பேச்சில் வழங்கும் பட்டம் வேறு: ஒரு பயிரை விதைப்பதற்கு ஏற்ற காலம் என்பதே அதன் பொருள். தைப் பட்டம், மாசிப் பட்டம், சித்திரைப் பட்டம் என்று மாதப் பெயரை முன்னே சேர்த்துத் தமிழ்நாட்டு உழவர்கள் வழங்குவதிலிருந்தே, பட்டம் என்பது பொதுச்சொல் என்பதும், ஆடி அதன் வகைகளுள் ஒன்று மட்டுமே என்பதும் விளங்கும். போகம் என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. போகம் விளைச்சலைக் குறிப்பது, பட்டம் விதைப்பைக் குறிப்பது.

நாம் பேச்சில் 'சீசன்' என்று சொல்வதற்கு நேரான தமிழ்ச்சொல் பருவம். ஔவையாரின் ஆத்திசூடி 'பருவத்தே பயிர் செய்' என்று மாதப் பெயர் எதுவும் குறிக்காமல் கூறுகிறது. 'பருவத்தோடு ஒட்ட ஒழுகல்' என்று குறளும் (482) அதே சொல்லை ஆள்கிறது. மாதத்தைக் குறித்த பழமொழியும் குறிக்காத ஆத்திசூடியும் சொல்வது ஒன்றே என்பது என் துணிபு.

பின் ஆடியை ஏன் சுட்டினார்கள்? தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. ஆடியில் கிடைக்கும் ஈரத்தில் சோளமும் துவரையும் அவரையும் முளைத்து வேர்பிடித்துவிட்டால், பின்னால் வரும் பெருமழை அவற்றை வளர்க்கும். அதே மாதத்தில் காவிரியிலும் புதுப்புனல் வருவதால் பதினெட்டாம் பெருக்கு கொண்டாடப்படுகிறது. ஆகவே பழமொழியில் ஆடி என்பது அந்த மண்ணின் மழைக்கணக்கு. 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பதைக் கேட்டு எவரும் அம்மியைக் கட்டிவைப்பதில்லை. இதை மட்டும் எழுத்துப் பிசகாமல் கொள்வது முறையன்று.

ஆடி என்ற பெயரோ வானத்திலிருந்து வந்தது. அம்மாத முழுநிலவு பூராடம், உத்தராடம் ஆகிய நாள்மீன்களை ஒட்டி வருவதால் வடமொழியில் ஆஷாடம் என்றும் தமிழில் ஆடி என்றும் வழங்கிற்று. கதிரவன் கடக ராசியில் இருக்கும் அம்மாதம் சென்னையிலும் டர்பனிலும் ஒரே நாளில்தான் பிறக்கிறது. ஆனால் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே பருவங்கள் தலைகீழாக மாறிவிடுகின்றன. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் டர்பனில் வந்திறங்கியவர்களும், அவர்களுக்குப் பின் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் மாதப் பெயர்களைத் தங்களோடு கொண்டுவந்தார்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் வழிபாடு, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதியில் இன்றும் நடப்பது அதனால்தான். வழிபாட்டுக்கு மாதம் போதும், விதைப்புக்குப் போதாது. கரும்புத் தோட்டத்திலிருந்து விடுபட்டு டர்பனின் கேட்டோ மேனர், கிளேர்வுட் பகுதிகளில் காய்கறி பயிரிட்ட நம் முன்னோர், இந்த மண்ணின் மழையைப் பார்த்தே விதைத்திருக்க முடியும்.

நேட்டாலில் மழைக்காலம் அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை நீள்வதால், நாம் மீலி என்று சொல்லும் மக்காச்சோளத்துக்கு இங்கே ஐப்பசிப் பட்டமே உரியது; தீபாவளியை ஒட்டி அதை விதைக்கலாம். நியூகாசில் போன்ற உள்நாட்டு ஊர்களில் ஆடியில் உறைபனி விழும். டர்பன் கரையோரத்தில் அந்த அச்சம் இல்லாததால், நீர் பாய்ச்ச வசதியுள்ளவர்கள் முட்டைக்கோசும் காரட்டும் ஆடியிலேயே பயிரிடலாம். அவற்றுக்கு மட்டும் இங்கும் ஓர் ஆடிப் பட்டம் உண்டு.