லீஸ், லைசென்ஸ்: குத்தகையும் இசைவும்

மன்னார்குடிப் பக்கத்தில், அறுப்பு முடிந்து கோடையில் தரிசாகக் கிடக்கும் வயலில், ஆடு மேய்ப்பவரான கீதாரி ஆட்டுக்கிடை போடுகிறார். புழுக்கை உரமாகும் என்பதால் நிலக்காரரே அவருக்குப் பணமோ நெல்லோ கொடுப்பார். அதே வயலை, ஒரு மா (நில அளவு) நிலத்துக்கு இத்தனை மூட்டை நெல் என்று பேசிச் சாகுபடி செய்பவர் வேறொருவர். இருவரும் மிதிப்பது ஒரே மண்தான் என்றாலும், சட்டத்தின் கண்ணில் கீதாரி பெற்றது லைசென்ஸ். சாகுபடிதாரர் பெற்றது லீஸ்.

லீஸ் என்பது 'தளர்த்து, விடு' என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். நாமும் 'குத்தகைக்கு விட்டேன்' என்றுதான் சொல்கிறோம். அந்த 'விடு' பொருத்தமாகவே விழுந்திருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் (பிரிவு 105) லீஸை, சொத்தை அனுபவிக்கும் உரிமையின் மாற்றம் என்கிறது. ஆகவே நிலத்தை விற்றாலும், வாங்கியவர் குத்தகையைச் சுமந்தே வாங்குகிறார். விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரமும், அளவு முன்கூட்டியே பேசப்படும் குத்தகையும் வேறு வேறு என்பதைத் தஞ்சை மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லைசென்ஸின் லத்தீன் வேருக்கு 'தடையில்லை' என்பதே பொருள். அதே 1882இல் வந்த வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, இசைவு இல்லாவிட்டால் அத்துமீறலாகிவிடும் செயலை லைசென்ஸ் முறையாக்குகிறது. ஆனால் நிலத்தில் எந்தப் பாத்தியமும் தருவதில்லை. நிலம் கைமாறினால், புதிய உடைமையாளரை அது கட்டுப்படுத்தாது. வழங்கியவர் பொதுவாக அதைத் திரும்பப் பெறலாம். அந்த இசைவை நம்பி நிலையான கட்டுமானம் எழுப்பிச் செலவிட்டவரிடமிருந்து எளிதில் பெற முடியாது.

இங்கேதான் லைசென்ஸுக்கு வழங்கும் 'உரிமம்' என்ற சொல் எனக்கு நெருடுகிறது. ஓட்டுநர் உரிமத்தில் அது நன்றாகவே நிலைத்துவிட்டது, அதை மாற்றத் தேவையில்லை. நிலப் பத்திரத்தில் அதைப் படிப்பவரோ, 'உரிமை' என்ற ஒலியைக் கேட்டு மண்ணில் பங்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்ள இடமுண்டு. அங்கே 'இசைவு' என்றோ 'பாத்தியமற்ற அனுமதி' என்றோ எழுதுவதே சரி.

தலைப்பில் எதை எழுதினாலும் நீதிமன்றம் உள்ளே இருப்பதையே பார்க்கும். டெல்லி ஓட்டல் ஒன்றின் அறைகளைப் பற்றிய வழக்கில், லைசென்ஸ் என்று பெயரிட்ட பத்திரத்தை 1959இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் லீஸ் என்றே முடிவுசெய்தது.