ரொட்டி மாவு நடுவில் ஏன் தயங்குகிறது?

தருமபுரி பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு பேக்கரியில் விடியற்காலை நான்கு மணிக்கே மாவு பிசையத் தொடங்கிவிடுகிறார்கள். மாஸ்டர் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு பிடி சர்க்கரையைக் கரைத்து, கடுகைவிடச் சிறிய பழுப்பு நிற ஈஸ்ட் மணிகளை மேலே தூவி மூடிவைத்தார். பத்து நிமிடம் கழித்துத் திறந்தபோது தண்ணீரின் மேல் வெண்பழுப்பு நுரை திரண்டிருந்தது. நன்கு பழுத்த பழத்தின் புளிப்பு வாசம் எழுந்தது. அப்போது அவர் சொன்னது இது: "பன்னுக்குப் போட்ட மாவு ஒரே சீரா எழும்புது சார். சக்கரை போடாத ரொட்டி மாவு மட்டும் பாதியில கொஞ்ச நேரம் அசந்து நிக்குது, அப்புறம் மறுபடி எழும்புது. ஈஸ்ட்டும் அதேதான், மைதாவும் அதேதான்." இருபது வருட அனுபவத்தில் அவர் கண்டது முற்றிலும் சரி. அந்தத் தயக்கத்துக்குக் காரணம் ஈஸ்ட் செல்லின் மரபணுக்களில் இருக்கிறது.

ஈஸ்ட் என்பது ஒரே செல்லால் ஆன பூஞ்சை. ஆனாலும் அதன் செல் பாக்டீரியாவைப் போன்றதல்ல. நம் செல்லைப் போலவே உட்கரு கொண்டது. அதன் 16 குரோமோசோம்களில் ஏறத்தாழ 6,000 மரபணுக்கள் இருப்பது 1996ஆம் ஆண்டு முழுமையாகப் படித்தறியப்பட்டது. இத்தனை மரபணுக்களும் எப்போதும் வேலை செய்வதில்லை. எது எந்த அளவில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டுப் புரதமாக வேண்டும் என்பதைச் செல் நொடிக்கு நொடி தீர்மானித்துக்கொண்டே இருக்கிறது.

அந்தத் தீர்மானங்களில் மிகப் பெரியது ரைபோசோமைப் பற்றியது. ரைபோசோம்தான் புரதம் செய்யும் பட்டறை. அது இல்லாமல் செல் வளர முடியாது. குளுக்கோஸ் தாராளமாகக் கிடைக்கும்போது ஈஸ்ட் செல் சுமார் 100 நிமிடத்தில் இரண்டாகிறது. அதற்குள் தன்னிடமுள்ள இரண்டு லட்சம் ரைபோசோம்களுக்கு இணையாக இன்னொரு இரண்டு லட்சத்தைச் செய்தாக வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 2,000. ஒவ்வொரு ரைபோசோமும் 79 புரதங்களும் 4 ஆர்.என்.ஏ. இழைகளும் சேர்ந்த கட்டுமானம். வேகமாக வளரும் செல்லில் நடக்கும் மொத்தப் படியெடுப்பில் சுமார் 60 விழுக்காடு ரைபோசோமுக்கான ஆர்.என்.ஏ.வுக்கே போய்விடுகிறது என்றால் இந்தச் செலவின் பாரம் புரியும். உணவு குறைந்தபின்னும் இதே வேகத்தில் செலவழிக்கும் செல் நொடித்துப்போகும். உணவு வந்தபின்னும் தயங்கி நிற்கும் செல்லை அக்கம்பக்கத்துச் செல்கள் முந்திவிடும்.

ஆகவே ஈஸ்ட், கையிருப்பு தீரும்வரை காத்திருந்து முடிவெடுப்பதில்லை. உணவு பற்றிய செய்தி வந்ததுமே முடிவெடுக்கிறது. என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான். பென்னாகரம் பக்கம் மானாவாரி நிலத்தில் கேழ்வரகு விதைப்பவர் ஏரி நிரம்பட்டும் என்று பார்த்திருப்பதில்லை. மண்ணில் பதம் தெரிந்ததுமே ஏர் பூட்டுகிறார். குளுக்கோஸ் வந்ததை உணர்ந்ததும் செல்லுக்குள் 'ராஸ்' என்ற புரதம் முடுக்கம் பெறுகிறது, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு பெருகுகிறது. அது 'புரதக் கைனேஸ் ஏ' என்ற நொதியைத் தட்டியெழுப்புகிறது. இந்த நொதியால் ரைபோசோம் மரபணுக்கள் முழு வேகம் பிடிக்கின்றன. அதே நேரத்தில் 'எம்.எஸ்.என்.2' என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தில் பாஸ்பேட் ஒட்டப்படுவதால் அது உட்கருவுக்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்கிறது. பஞ்ச காலத்துக்கான மரபணுக்களை இயக்குவது அந்தப் புரதம்தான். குளுக்கோஸ் தீர்ந்தால் சில நிமிடங்களில் அது உட்கருவுக்குள் போய்விடும்.

இது வெறும் ஊகமல்ல. சர்க்கரையே தராமல் ராஸ் புரதத்தை மட்டும் முடுக்கிவிட்ட ஒரு சோதனையின் முடிவு 2004ஆம் ஆண்டு வெளியானது. குளுக்கோஸ் சேர்த்தால் மாறும் மரபணுக்களில் பெரும்பாலானவை அப்போதும் அதே திசையில் மாறின. உணவு வரவில்லை, உணவு வந்ததென்ற செய்தி மட்டுமே வந்தது. செல் அதை நம்பிச் செலவில் இறங்கிவிட்டது.

இதன் மறுபக்கத்தைக் காட்டியது ராபமைசின் என்ற மருந்து. ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்பட்டதால், 'ராப்பா நூயி' என்ற அத்தீவின் பெயரே மருந்துக்கும் அமைந்தது. அதற்கு மசியாத ஈஸ்ட்களை ஆராய்ந்த ஹைட்மன், மொவ்வா, ஹால் மூவரும் 1991ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 'டோர்' மரபணுக்களைக் கண்டறிந்தனர். அமினோ அமிலம் போன்ற நைட்ரஜன் ஊட்டம் போதுமான அளவு இருக்கிறது என்ற செய்தியைச் செல்லுக்குள் கடத்துவது டோர் புரதம். ராபமைசின் கொடுத்து அதை அடக்கினால், ஊட்டம் நிறைந்த கரைசலில் மிதக்கும் செல்லும் பட்டினி கிடப்பதைப் போல ரைபோசோம் மரபணுக்களை நிறுத்திவிடுகிறது. இதே டோர் நம் உடலிலும் இருக்கிறது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏற்க மறுக்காதபடி, நோய் எதிர்ப்புச் செல்கள் பெருகுவதை அடக்க ராபமைசினைக் கொடுப்பதும் அதனால்தான்.

மாஸ்டர் தூவிய ஈஸ்ட் மணியும் இந்தச் செய்திகளைக் கொண்டே தயாரானது. பாலக்கோடு சர்க்கரை ஆலையில் சர்க்கரை பிரிந்தபின் எஞ்சும் மொலாசஸ் போன்ற பாகுதான் ஈஸ்ட் தொழிற்சாலைகளின் வழக்கமான தீவனம். அதை மொத்தமாகக் கொட்டாமல் சிறுகச் சிறுக விடுகிறார்கள்; கடைசிக் கட்டத்தில் ஊட்டத்தை இன்னும் குறைக்கிறார்கள். வளர்ச்சி தணிந்ததும் பஞ்ச கால மரபணுக்கள் விழித்து, டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் செல்லுக்குள் சேர்க்கின்றன. ஈரம் போகும்போது புரதங்களும் செல்லுறையும் சிதையாமல் காப்பதில் டிரெஹலோஸுக்குப் பெரும் பங்குண்டு. பத்து நிமிடத்தில் பொங்கிய நுரை ஏற்கெனவே இருந்த நொதிகளின் வேலை; அதே நேரத்தில் உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் அளவு மாறிக்கொண்டிருந்தன.

இனி மாஸ்டரின் ரொட்டி மாவுக்கு வருவோம். மைதாவில் ஈஸ்ட் உடனே தின்னக்கூடிய சர்க்கரை கொஞ்சம்தான் உண்டு. பெரும்பகுதி ஸ்டார்ச், அதை மாவிலுள்ள நொதிகள் மெல்ல மெல்ல மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கின்றன. மால்டோஸைத் தின்ன வேண்டுமானால் அதை உள்ளே இழுக்கும் புரதமும் அதை இரண்டு குளுக்கோஸாக வெட்டும் நொதியும் தேவை. குளுக்கோஸ் இருக்கும்வரை 'மிக்1' என்ற புரதம் அந்த மரபணுக்களை அடக்கிவைக்கிறது. ஏற்கெனவே இருக்கும் இழுப்புப் புரதத்தையும் செல் அழித்துவிடுகிறது. எளிய உணவு எதிரில் இருக்கும்போது கடின உணவுக்கான கருவிகளைச் செய்வது வீண் செலவு என்பதே அதன் கணக்கு. குளுக்கோஸ் தீர்ந்ததும் 'ஸ்னஃப்1' என்ற நொதி விழித்து மிக்1-ஐ உட்கருவிலிருந்து வெளியேற்றுகிறது. அதன்பிறகே மால்டோஸ் மரபணுக்கள் படியெடுக்கப்பட்டுப் புரதங்களாகின்றன. அவை போதிய அளவு சேரும்வரை மாவை எழுப்பும் வாயு குறைகிறது, மாவு அசந்து நிற்கிறது.

பன் மாவில் இந்த நிலை வருவதில்லை. அதில் போட்ட சர்க்கரையை ஈஸ்ட்டின் இன்வர்டேஸ் நொதி செல்லுக்கு வெளியிலேயே குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடுவதால், எளிய உணவு நெடுநேரம் குறையாமல் கிடைக்கிறது. சர்க்கரை சேர்க்காத மாவுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட ஈஸ்ட் வகைகளும் உண்டு. அவற்றில் மால்டோஸ் மரபணுக்கள் குளுக்கோஸின் தடைக்கு அவ்வளவாகக் கட்டுப்படுவதில்லை. சிலவற்றில் மால்டோஸ் வந்து சேருமுன்பே அவை ஓரளவு இயங்கிக்கொண்டிருக்கின்றன. அத்தகைய ஈஸ்ட் போட்ட ரொட்டி மாவில் நடுவில் வரும் அசதி வெகுவாகக் குறைந்துவிடும்.