விரல் மரத்துப்போனால் சைக்கிளையும் கொண்டுவாருங்கள்

சிங்கப்பூரின் ஜூரோங் வட்டாரத்தில் வேலை பார்க்கும் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். வயது நாற்பத்தாறு. வலக்கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயிருந்தன. இதயத்தில் ஏதோ கோளாறு என்று பயந்து முதலில் அதற்கான பரிசோதனைகளைச் செய்துகொண்டார். பிறகு கழுத்தெலும்புத் தேய்மானம் என்று யாரோ சொல்ல, வீட்டில் தலையணை மாறியது. கழுத்துக்குப் பயிற்சி கேட்டுத்தான் இயன்முறைச் சிகிச்சையாளனான என்னிடம் வந்து சேர்ந்தார்.

கழுத்தைச் சோதித்தேன். அதில் குற்றமில்லை. "ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. விடிவதற்குள் கிளம்பித் தானா மேரா கோஸ்ட் சாலையில் இரண்டு மணி நேரம் ரோட் பைக் ஓட்டுவாராம். அடுத்த முறை வரும்போது அதையும் கொண்டுவரச் சொன்னேன். "கட்டிக்கொண்டு தூங்காத குறைதான், கொண்டுவருவதற்கென்ன" என்றார் உடன் வந்திருந்த மனைவி.

மறுவாரம் சைக்கிள் வந்தது. அவரை அதில் உட்கார வைத்துப் பக்கவாட்டில் நின்று பார்த்ததுமே பாதிக் கதை விளங்கிவிட்டது. பிரேக் பிடியை எட்டுவதற்காக முழங்கைகள் இரண்டும் மடங்காமல் விறைத்திருந்தன. மேலுடம்பின் எடை முழுவதும் உள்ளங்கையின் அடிப்பகுதியில் இறங்கியது. முழங்கையை இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்கிறதே, அந்த அல்நார் நரம்பு மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கமாகத்தான் உள்ளங்கைக்குள் நுழைகிறது. அதை இரண்டு மணி நேரம் அழுத்தி வைத்திருந்தால் விரல் மரக்காமல் என்ன செய்யும்?

எப்படி இந்த அளவைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். கடையில் உயரத்தைக் கேட்டார்களாம். 173 செ.மீ. என்றிருக்கிறார். இணையத்தில் ஒரு கணக்கும் போட்டுப் பார்த்திருக்கிறார். பிரேமின், அதாவது சைக்கிள் சட்டத்தின், அளவு 56 என்றே இரண்டும் சொல்லியிருக்கின்றன. தள்ளுபடி விலையில் நின்றதும் 56தான். எல்லாம் கூடிவந்த முகூர்த்தம்!

தேக்காவில் ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்தால் தோள், கை, மார்பு, இடுப்பு, கழுத்து இறக்கம் என்று எத்தனை அளவு எடுக்கிறார்கள்! அதில் அரை அங்குலம் பிசகினாலும் திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை போடுகிறோம். நாலாயிரம் வெள்ளிச் சைக்கிளுக்கு மட்டும் உயரம் என்ற ஒரே எண் போதும் என்று நினைக்கிறோம்.

உயரம் ஏன் போதாது என்பதற்கு இவரே சாட்சி. அவருடைய உள்கால் நீளத்தை, அதாவது கவட்டிலிருந்து தரைவரை, அளந்தேன்: 83 செ.மீ. அந்த உயரத்துக்கு இது நீண்ட கால். அப்படியென்றால் உடல் குட்டை. இணையத்தில் அவர் போட்டது பழைய கணக்கு; உள்கால் நீளத்தை 0.67ஆல் பெருக்கினால் பிரேமின் அளவு வரும். 83ஐப் பெருக்கினால் 55.6. காலைப் பொறுத்தவரை அந்த 56 சரிதான். ஆனால் ஹேண்டில்பாரைப் பிடிப்பது கால் இல்லையே.

அந்த 0.67 எந்தக் காலத்துக் கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது பிரேமின் மேல்குழாய் தரைக்கு இணையாக இருந்தது. இருக்கைக்குக் கீழே இறங்கும் குழாயின் நீளமே பிரேமின் அளவு. ஒரு செ.மீ., இரண்டு செ.மீ. இடைவெளியில் வரிசையாக அளவுகள் கிடைத்தன. 1990களின் பின்பாதியில் தைவானின் ஜயன்ட் நிறுவனத்துக்காக மைக் பரோஸ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் மேல்குழாயைப் பின்பக்கம் சரித்து டிசிஆர் என்ற பிரேமை உருவாக்கினார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மன் தங்கம் வென்ற லோட்டஸ் சைக்கிளுக்குப் பின்னாலிருந்த அதே பரோஸ்தான். குழாய் சரிந்ததும் பிரேம் சிறுத்தது, எடை குறைந்தது. இருக்கைத் தண்டை ஏற்றி இறக்கிச் சில அளவுகளுக்குள் பலரையும் அடக்க முடிந்தது. ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று சட்டை விற்பதுபோல் சைக்கிள் விற்க வழி பிறந்தது. பின்னால் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன.

இன்றைக்கு 54 என்று எழுதிய பிரேமில் டேப்பை வைத்து அளந்து பாருங்கள். பலவற்றில் இருக்கைக் குழாய் 50கூட இருக்காது. சில நிறுவனங்களில் அந்த எண் மேல்குழாயின் கிடைமட்ட நீளத்தை ஒட்டியிருக்கும். சிலவற்றில் அது வெறும் பெயர். ஒரு நிறுவனத்தின் 54 இன்னொன்றின் 52 ஆகலாம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இரண்டு எண்கள். ஸ்டாக், ரீச். பெடல்கள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து ஹேண்டில்பார் ஏறும் தலைக்குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். அதே அச்சிலிருந்து அந்த உச்சி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். நிறுவனங்களின் இணையத்தளத்தில் அளவு அட்டவணையின் ஏதோ ஒரு மூலையில் இவை இருக்கும். பிரேமில் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் இந்த இரண்டும் பொய் சொல்லாது.

மேல்குழாய் நீளத்தை வைத்து ஒப்பிடுவோர் இங்கே ஏமாறுவார்கள். சிறிய பிரேம்களில் இருக்கைக் குழாயை இன்னும் செங்குத்தாக நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பாகை நிமிர்ந்தாலே இருக்கை இருக்கும் உயரத்தில் ஒரு செ.மீ.க்குமேல் முன்னால் வந்துவிடும். காகிதத்தில் மேல்குழாய் குறைந்து தெரியும். வாங்கியவர் தன் கால்களுக்காக இருக்கையைப் பின்னுக்குத் தள்ளியதும் பழைய நீளம் திரும்பிவிடும். ஒரே வகைச் சைக்கிளில் ஓர் அளவு குறைந்தால் ரீச் அரை முதல் ஒரு செ.மீ. வரைதான் குறைகிறது. ஸ்டாக்கோ ஏறக்குறைய இரண்டு செ.மீ. இறங்குகிறது.

"சந்தேகம் வந்தால் சிறியதை எடு" என்று சைக்கிள் நண்பர்கள் சொல்லும் அறிவுரையை நான் பாதிதான் ஏற்பதற்கு இதுவே காரணம். இளைஞர், குனிந்தால் கை தரையைத் தொடும், வேகத்தில் ஆசை என்றால் சரி. குறைகிற நீளத்தை, ஹேண்டில்பாரைப் பிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மை நீண்டதாகப் போட்டு ஈடுகட்டலாம். நாள் முழுவதும் கணினிமுன் உட்கார்ந்து முதுகு இறுகிப்போன ஐம்பது வயதுக்காரருக்குச் சிறிய பிரேமைக் கொடுத்தால் ஹேண்டில்பார் பள்ளத்தில் கிடக்கும். சாலையைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்தியபடியே ஓட்டவேண்டும். தோள்பட்டை வலியோடு என்னிடம்தான் வருவார்.

ஜூரோங்காரருக்கு வருவோம். அவருடையது பந்தய வகை: ஸ்டாக் 56.5, ரீச் 39.5. நீண்ட தூரச் சவாரிக்கென்றே எண்டியூரன்ஸ் என்ற வகை இருக்கிறது. அதில் 54 எடுத்தால் ஸ்டாக் 57.5, ரீச் 37.5 என்ற கணக்கில் கிடைக்கும். பிடி இரண்டு செ.மீ. அருகில் வருகிறது, ஒரு செ.மீ. உயர்கிறது. இரண்டு செ.மீ.யா என்று கேட்காதீர்கள்; முழங்கை மடங்குவதற்கும் மடங்காததற்கும் அதுதான் வித்தியாசம்.

என்னிடம் வருவதற்குமுன் அவராகவே ஒரு வைத்தியம் செய்திருந்தார். பிடி எட்டவில்லை என்று இருக்கையை முடிந்தவரை முன்னுக்குத் தள்ளியிருந்தார். கை கொஞ்சம் தேறியது, முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கியது. செருப்புக்காகக் காலைத் தறிக்கிற கதை. இருக்கையின் இடம் கால்களுக்கும் இடுப்புக்கும் உரியது. கையின் குறையை அதில் தீர்க்கக் கூடாது.

நியாயமான முதல் முயற்சி ஸ்டெம்மை மாற்றுவது. 11 செ.மீ. இருந்ததை 9 ஆக்கினேன். மரப்பு குறைந்தது, போகவில்லை. அதற்கும் கீழே போனால் திருப்பம் துடுக்காகிவிடுகிறது என்றார். ஒன்று இரண்டு செ.மீ. வரைதான் ஸ்டெம் காப்பாற்றும். இன்னொன்று: இப்போது வரும் விலையுயர்ந்த சைக்கிள்களில் ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் ஒரே வார்ப்பு; பிரேக் குழாய்களும் அதன் உள்ளேயே ஓடுகின்றன. மாற்றுவதென்றால் பல நூறு வெள்ளி. தப்பான அளவை வாங்குவது முன்பைவிட இன்று செலவு கூடிய தப்பு.

சிங்கப்பூருக்கு என்று ஒரு தனிச் சங்கடமும் உண்டு. நம் தீவின் உச்சி புக்கிட் தீமா, 163 மீட்டர். மலைநாட்டில் ஏறும்போது எழுந்து மிதிப்பார்கள், இறங்கும்போது பிடியை மாற்றுவார்கள். உடம்பு தானாகவே இடம் மாறிக்கொள்ளும். இங்கே கடலோரச் சாலையில் போட்டால் போட்ட இருப்பில் போய்க்கொண்டே இருக்கலாம். நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் இரண்டு மணி நேரத்தில் கால் 10,800 முறை சுற்றுகிறது. கையும் கழுத்தும் அசைவதே இல்லை. தட்டையான ஊர் என்பதால் அளவில் பிழை பொறுக்கும் என்று நினைக்காதீர்கள்.

உள்கால் அளவை வீட்டிலேயே எடுக்கலாம். வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களுக்கிடையே ஒரு சாண் விட்டு நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே வைத்து, இருக்கையில் உட்காரும் அழுத்தம் வரும்வரை மேலே இழுத்து, அதன் மேல்விளிம்பைச் சுவரில் குறியுங்கள். கூச்சப்பட்டு மெதுவாக இழுத்தால் இரண்டு செ.மீ. தப்பும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பரப்பிய கணக்குப்படி அதை 0.883ஆல் பெருக்கினால் பெடல்கள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்பரப்புவரை வேண்டிய உயரம் வரும், 80 செ.மீ. என்றால் 70.6. தொடங்குவதற்கு இது போதும். முடிவை முழங்காலே சொல்லும்: பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகைவரை மடங்கியிருக்கவேண்டும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் இருக்கை தாழ்வு என்றும், பின்பக்கம் இழுத்தால் உயரம் என்றும் முதலில் சந்தேகப்படுங்கள்.

ஆண்கள் வாய்திறந்து சொல்லாத ஒன்று உண்டு. பிறப்புறுப்பு மரத்துப்போவது. பிடி எட்டாமல் இருக்கையின் மூக்குக்கு நகர்ந்து உட்காரும்போது, உட்காரும் எலும்புகள் தாங்கவேண்டிய எடையை அவற்றுக்கு நடுவிலுள்ள நரம்பும் இரத்தக்குழாய்களும் தாங்குகின்றன. வேறு இருக்கை, வேறு கால்சட்டை என்று வாங்கிக் குவிப்பார்கள். பிரேம் நீளமாக இருந்தால் எந்த மெத்தையும் உதவாது. இது பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சைக்கிளை நிறுத்திய பிறகும் மரப்பு நீடித்தால், விரல்களில் பலம் குறைந்தால், மருத்துவரிடம் போய்விட்டுப் பிறகு சைக்கிளைப் பார்க்கலாம்.

குட்டையான பெண்களுக்குச் சிக்கல் வேறு. 153 செ.மீ. உயரமுள்ள தாதி ஒருவர் பூங்கா இணைப்புப் பாதையில் மெதுவாகத் திரும்பும்போது இரண்டு முறை விழுந்திருக்கிறார். சமநிலை போய்விட்டது, வயதாகிவிட்டது என்று அவராகவே முடிவுகட்டியிருந்தார். முன்சக்கரம் திரும்பும்போது காலணியின் நுனி அதில் இடித்திருக்கிறது, அவ்வளவுதான். சிறிய பிரேமிலும் அதே பெரிய சக்கரத்தைப் பொருத்துவதால் வருவது இது. வாங்குமுன் பெடலைக் கிடையாக வைத்து ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெடலை அச்சோடு இணைக்கும் கிராங்கும் 165 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாகக் கேளுங்கள். 176 செ.மீ. உயரமுள்ள, டூர் டி பிரான்ஸ் வென்ற தடேய் பொகாச்சாரே 2024இல் 165க்கு வந்துவிட்டார். குட்டையானவர்களுக்கு 170 எதற்கு?

பிள்ளைகளுக்கு வாங்கும் அப்பாக்களோடு எனக்குத் தீராத வழக்கு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிந்த மகனுக்கு இரண்டு அளவு பெரிய சைக்கிள். "வளர்கிற பையன்தானே, அண்ணே?" பள்ளிச் சீருடையின் விளிம்பை மடித்துத் தைத்துப் பிறகு பிரித்துவிடலாம். பிரேமை மடித்துத் தைக்க முடியாது. அந்தப் பையனின் விரல் பிரேக்கை முழுதாக எட்டவில்லை. பூங்கா இணைப்புப் பாதையில் மணிக்கு 25 கி.மீ. அனுமதி, குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால்? சரியான அளவில் பழையதாக ஒன்று வாங்கி, இருக்கைத் தண்டை உயர்த்தி ஓட்டிவிட்டு, பையன் வளர்ந்ததும் விற்றுவிடுங்கள். சின்னது கொஞ்சம் வளரும், பெரியது சுருங்காது.

பழைய சைக்கிள் வாங்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரேமின் அளவு பொருந்தினாலும், முன்சக்கரக் கவையின் தண்டை முந்தைய உரிமையாளர் எவ்வளவு வெட்டியிருக்கிறார் என்று பாருங்கள். தாழ்வாக ஓட்ட ஆசைப்பட்டவர் அதை ஒட்ட வெட்டியிருந்தால், நீங்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் ஹேண்டில்பாரை உயர்த்த இடமிருக்காது. புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் எந்தச் சைக்கிளும் நல்ல சைக்கிள்தான்.

ஜூரோங்காரர் கடைசியில் எண்டியூரன்ஸ் 54 வாங்கிவிட்டார். ஆறு வாரத்தில் மோதிரவிரல் திரும்பியது, சுண்டுவிரல் இன்னும் கொஞ்சம் தாமதித்தது. பழைய 56ஐ இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருக்கிறார். கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் உள்கால் அளவையும் கையின் நீளத்தையும் விசாரித்துவிட்டு, உங்களுக்குச் சரிவராது என்று சொல்லி அனுப்பிவிடுகிறாராம். சைக்கிள் இன்னும் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் நிற்கிறது என்று அவர் மனைவி போனில் குறைப்பட்டுக்கொண்டார்.