எஞ்சின் ஸ்வாப்: ‘இயந்திரப் பரிமாற்றம்’ ஏன் பிழை?

பழைய காரின் எஞ்சினை இறக்கிவிட்டு, பிந்தைய தலைமுறையைச் சேர்ந்த வேறோர் எஞ்சினை அதன் இடத்தில் பொருத்தும் வேலையை ஆங்கிலத்தில் ‘எஞ்சின் ஸ்வாப்’ என்கிறார்கள். இதைத் தமிழில் ‘இயந்திரப் பரிமாற்றம்’ என்று எழுதுவது இப்போது பரவிவருகிறது. வாகனங்களைப் பற்றிய காணொளித் தலைப்புகளில் முதலில் தென்பட்ட இத்தொடர் பிறகு கட்டுரைகளுக்குள் நுழைந்தது. அண்மையில் கிருஷ்ணகிரியில் ஒரு பட்டறையின் விலைப்பட்டியலிலும் அச்சேறியிருக்கக் கண்டேன். அந்தப் பட்டறையில் வேலை செய்யும் எவர் வாயிலும் அச்சொல் வருவதில்லை. எழுதிக் கொடுத்தவர் எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறார்.

முதலில் பொருளை வரையறுத்துக்கொள்வோம். தேய்ந்துபோன எஞ்சினைக் கழற்றி, பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் புதிதாகப் போட்டு, அதையே மீண்டும் வண்டியில் வைத்தால் அது ஸ்வாப் ஆகாது, அது பழுதுபார்ப்பு. அதே வகையைச் சேர்ந்த இன்னொரு எஞ்சினை வாங்கி வைத்தாலும் அது வெறும் மாற்றீடுதான். வண்டி தயாரிக்கப்பட்டபோது அதற்கென்று அமையாத, வேறு வகையான எஞ்சினைக் கொண்டுவந்து அதில் பொருத்துவதே ஸ்வாப். 1985இல் வெளிவந்த மாருதி ஜிப்ஸியில் 970 சிசி எஞ்சின் இருந்தது. 1996இல் வந்த ஜிப்ஸி கிங் 1298 சிசி எஞ்சினோடு வந்தது. முந்தைய வண்டியை வைத்திருப்பவர் பிந்தைய எஞ்சினைத் தம் வண்டிக்குள் கொண்டுவந்தால் அது முறையான எடுத்துக்காட்டு. நெடுங்காலம் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினோடு ஓடிய அம்பாசிடருக்கு, அதைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1992இல் ஜப்பானிய நிறுவனமான இசுசூவின் 1817 சிசி எஞ்சினை வைத்து விற்கத் தொடங்கிய பிறகு, பழைய அம்பாசிடர்காரர்களுக்கும் அதே ஆசை பிறந்தது.

வேலை எளிதன்று. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டுகளின் இடம் பொருந்தாது. கியர் பாக்ஸோடு சேரும் முகம் ஒத்துவராவிட்டால் இடைத்தகடு ஒன்றைக் கடைசலில் செய்ய வேண்டும். கிளட்ச், ரேடியேட்டர், புரொப்பெல்லர் ஷாப்ட்டின் நீளம் எல்லாம் கேள்விக்குள்ளாகும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் உள்ள வண்டியில் மிகக் குறைந்த அழுத்தத்தில் பெட்ரோல் வந்தால் போதும். பெட்ரோலைப் பீச்சும் முறையில் இயங்கும் எஞ்சினுக்கோ ஏறத்தாழ 3 பார் அழுத்தம் தேவைப்படுவதால் பம்பு, குழாய், டேங்க் வரை மாற்றியாக வேண்டும். அதற்குமேல் அந்த எஞ்சினின் கணினியும் உணரிகளும் அவற்றின் வயர்களும் கூடவே வர வேண்டும். ஆற்றல் கூடிய வண்டிக்குப் பழைய பிரேக் போதாது என்பதைத் தொப்பூர்க் கணவாயில் இறங்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இனிச் சொற்களின் பிறப்பு. ‘எஞ்சின்’ என்பது இயல்பான அறிவுத்திறனைக் குறித்த ‘இன்ஜெனியம்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சூழ்ச்சி, கருவி, போர்க்கருவி என்று பொருள் விரிந்து இன்றைய நிலையை அடைந்தது. ‘ஸ்வாப்’ என்பது இடைக்கால ஆங்கிலத்தில் அடிப்பதைக் குறித்த சொல். கையடித்து வியாபாரத்தை முடிக்கும் வழக்கத்தால், ஒரு பொருளைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதற்குப் பெயராயிற்று.

பரிமாற்றம் என்று எழுதுவோரின் வாதம் முழுவதும் இங்கேதான் நிற்கிறது. ஸ்வாப் என்றால் கொடுத்து வாங்குவது. ஆகவே பரிமாற்றம் என்கிறார்கள். அகராதியின் முதல் பொருளை எடுத்து வைத்துவிட்டுச் செய்யப்படும் வேலையைப் பாராமல் போனதன் விளைவு இது. எஞ்சின் ஸ்வாப்பில் எதற்கு எது கொடுக்கப்படுகிறது? புதிய எஞ்சின் பெரும்பாலும் விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து வருகிறது. பழைய எஞ்சின் அந்த நொறுங்கிய வண்டிக்குப் போவதில்லை; பழைய இரும்புக் கடைக்கோ, அதே வகை வண்டி வைத்திருக்கும் ஒருவருக்கு உதிரிபாகமாகவோ போகிறது. இரண்டு வண்டிகள் தம் எஞ்சின்களை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும் செயல் இதில் இல்லவே இல்லை. ஆங்கிலம் தன் சொல்லைப் பொருள் நெகிழ்த்திக் கையாள்கிறது. அந்த நெகிழ்ச்சி அம்மொழியின் உரிமை. நாம் நெகிழ்ச்சிக்கு முந்தைய பொருளை மொழிபெயர்த்துவிட்டு, நெகிழ்ச்சிக்குப் பிந்தைய செயலுக்கு அதைப் பெயராக வைக்க முடியாது.

தமிழில் பரிமாறுதல் என்றால் உண்பவருக்கு உணவு இடுதல், ஒருவரோடொருவர் கொடுத்து வாங்குதல் என்ற இரண்டுமே உண்டு. இரண்டிலும் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும். கைதிகள் பரிமாற்றம், கருத்துப் பரிமாற்றம் என்ற வழக்குகள் எல்லாம் அவ்வாறே அமைந்தவை. பணப் பரிமாற்றம் ஒருதிசையில்தானே போகிறது என்று யாரேனும் கேட்கலாம். அங்கும் அனுப்புபவரும் பெறுபவரும் ஆகிய இருவர் உண்டு என்பதால் சொல் தாங்குகிறது. எஞ்சின் மாற்றும் வண்டிக்காரர் தம் வண்டிக்குத் தாமே செய்துகொள்ளும் வேலையில் இரண்டாமவருக்கு இடமே இல்லை.

மருத்துவத் துறை இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காத்திருக்கிறது. ஒருவர் தரும் சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்துவதைச் சிறுநீரக மாற்று என்கிறோம்; யாரும் அதைப் பரிமாற்றம் என்பதில்லை. ஆனால் இரண்டு குடும்பங்களில் கொடையாளிகளின் சிறுநீரகம் தத்தம் உறவினருக்குப் பொருந்தாதபோது, இவர் அவருக்கும் அவர் இவருக்கும் கொடுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஸ்வாப்’ என்றே பெயர். அதைச் சிறுநீரகப் பரிமாற்றம் என்றால் சொல்லும் பொருளும் முழுமையாக இசைகின்றன. ஆங்கிலத்தில் ஒரே சொல் நிற்கும் இரண்டு இடங்களுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் வேண்டியிருக்கின்றன என்பதை உணர்ந்தவர்தான் மொழிபெயர்ப்பாளர்.

இதைவிடப் பெரிய இடர்ப்பாடு ஒன்றும் இருக்கிறது. கணினி மொழிபெயர்ப்பின் துணையால் வரும் வாகனக் கட்டுரைகளில் ‘டிரான்ஸ்மிஷன்’ என்ற சொல்லும் ‘பரிமாற்றம்’ என்றே வருகிறது. ‘தானியங்கிப் பரிமாற்றம்’ என்று எழுதியிருந்தால், கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் பெட்டியைச் சொல்கிறார்கள் என்று நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும். இந்நிலையில் ‘இயந்திரப் பரிமாற்றம்’ என்பதைப் படிக்கும் ஒருவர் அதை எஞ்சினோடு சேர்ந்த கியர் பாக்ஸ் என்று எண்ணினால் பிழை அவருடையதா? எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்தே மாற்றிய ஒரு வண்டியைப் பற்றி இவர்கள் எழுதினால் ‘இயந்திரமும் பரிமாற்றமும் பரிமாற்றம் செய்யப்பட்டன’ என்றுதான் எழுத நேரும். டிக்கியின் கொள்ளளவைத் ‘துவக்க இடம்’ என்றும், புகைக்குழாயைச் ‘சோர்வுக் குழாய்’ என்றும் எழுதுமளவுக்குப் போவது, பானெட்டைத் திறந்து பாராமலே வண்டியைப் பற்றி எழுதுவதால்தான். கிருஷ்ணகிரி, ஓசூரில் லாரியும் இருசக்கர வாகனமும் பெருமளவில் தயாராகும் மாவட்டம். எஞ்சினைத் தொட்டு வேலை செய்தவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒருவரிடம் கேட்டிருந்தாலும் இப்பிழைகள் நின்றிருக்கும்.

தொடரின் முற்பகுதியான ‘இயந்திரம்’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. வடமொழி ‘யந்திர’த்தோடு தொடர்புடைய சொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. ‘எந்திரம்’ என்ற வடிவம் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. கரும்பு ஆலையைக் ‘கரும்பின் எந்திரம்’ என்று ஐங்குறுநூறு சொல்கிறது. அக்கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். அந்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. ஆகவே அச்சொல்லை அயலார் சொல் என்று தள்ளும் எண்ணம் எனக்கில்லை. சிக்கல் அதன் அகலத்தில் இருக்கிறது. மாவரைப்பதும் இயந்திரம், துணி துவைப்பதும் இயந்திரம். எரிபொருளை எரித்து அவ்வெப்பத்தை இயக்கமாக்கும் ஒன்றைத் தனித்துக் குறிக்க அது போதாது.

‘பொறி’ அதற்குப் பொருத்தமானது. மதுரைக் கோட்டை மதிலில் பகைவரை எய்யும் கருவியைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை ‘வளைவிற் பொறி’ என்கிறது; பறக்கும் ஊர்தியைச் சீவக சிந்தாமணி மயிற்பொறி என்கிறது. அறிவால் அமைத்த கருவி, போர்க்கருவி, விலங்கைப் பிடிக்கும் பொறி என்று அச்சொல் கடந்துவந்த வழியும் ‘எஞ்சின்’ கடந்துவந்த வழியும் வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கின்றன. பொறியியல், பொறியாளர் என்ற சொற்களை எல்லாரும் ஏற்றுக்கொண்ட பிறகு, அவற்றின் வேரை மட்டும் ஒதுக்கி வைப்பது முறையன்று. தீப்பொறி, ஐம்பொறி, எலிப்பொறி என்று பல பொருள் இருப்பதால் குழப்பம் வரும் என்பார்கள். கூட்டுச்சொல்லில் நிற்கும்போது அக்குழப்பம் எழுவதில்லை; காரின் பொறியை யாரும் எலிப்பொறி என்று கருத மாட்டார்கள்.

‘பொறி இடமாற்றம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது முன்பக்க எஞ்சினைப் பின்பக்கம் கொண்டுபோவதற்குப் பொருந்தலாம். ‘எஞ்சின் மேம்பாடு’ என்பது உள்ள எஞ்சினையே வலுப்படுத்துவது. இரண்டையும் விட்டுவிடலாம்.

சரியான சொல் பட்டறைப் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது. பாலக்கோட்டிலும் காவேரிப்பட்டினத்திலும் மெக்கானிக்குகள் பேசுவதைக் கேட்டால் ‘எஞ்சினை இறக்கணும்’, ‘வேற எஞ்சின் ஏத்தியாச்சுண்ணா’ என்பார்கள். எஞ்சினைச் சங்கிலியில் கோத்துத் தூக்கி வெளியே வைப்பது இறக்குவது; மீண்டும் தூக்கி அதன் இருக்கையில் அமர்த்துவது ஏற்றுவது. செயலைக் கண்ணால் கண்டவர்கள் வைத்த வினைச்சொற்கள் இவை. இவற்றுள் ‘ஏற்று’ என்பதிலிருந்து குடியேற்றம், கொடியேற்றம், அரங்கேற்றம், மின்னேற்றம் என்று எத்தனையோ பெயர்ச்சொற்கள் பிறந்திருக்கின்றன. அந்த வரிசையில் பொறியேற்றம் என்பது தானாகவே அமைகிறது. அது எந்த எஞ்சினைப் பொருத்துவதற்கும் பொதுவாக நிற்குமாதலால், வேறு வகை எஞ்சின் என்பதைக் காட்ட மாற்று என்னும் அடையைச் சேர்த்து ‘மாற்றுப்பொறி ஏற்றம்’ என்று வழங்கலாம். மாற்றுச் சாவி, மாற்றுத் துணி, மாற்றுப் பாதை என்பவற்றைப் போல, முன்பிருந்ததற்குப் பதிலாக நிற்கும் வேறொன்று என்பதை அந்த அடை சொல்லிவிடுகிறது. பேச்சில் ‘மாற்று எஞ்சின் ஏற்றினேன்’ என்று சொல்வதிலும் எனக்கு மறுப்பில்லை. எஞ்சின் என்ற சொல் கிணற்றடியிலிருந்த ஆயில் எஞ்சின் வழியாகவே இப்பகுதி உழவர்களுக்குப் பழகிவிட்டது. பொருள் தெளிவான கடன்சொல்லைவிடப் பொருள் தவறிய தமிழ்ச்சொல்லே மொழிக்கு அதிகக் கேடு செய்கிறது என்பது என் கருத்து.

சட்டமும் பரிமாற்றம் என்ற கருத்துக்கு இடம் தரவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், வாகனத்தில் செய்யப்படும் மாறுதலைப் பற்றியும் எஞ்சினை நீக்கி வேறொன்றைப் பொருத்துவதைப் பற்றியும்தான் பேசுகிறது. பதிவுச் சான்றில் எஞ்சின் எண் தனியாகக் குறிக்கப்பட்டிருப்பதால், எண் மாறினால் ஆவணமும் மாற வேண்டும். பதிவு அலுவலரிடம் ஒருவர் ‘பரிமாற்றம் செய்தேன்’ என்று எழுதிக் கொடுத்தால், உன் எஞ்சின் இப்போது எந்த வண்டியில் இருக்கிறது என்ற கேள்வி எழுவது நியாயமே. ‘மாற்றுப்பொறி ஏற்றப்பட்டது’ என்று எழுதினால் நடந்தது என்னவோ அதுவே பதிவாகும்.

எஞ்சினை அடியோடு நீக்கிவிட்டு மின்கலத்தையும் மின்மோட்டாரையும் வைக்கும் வேலைக்கும் ‘எலெக்ட்ரிக் ஸ்வாப்’ என்ற பெயர் வழங்குகிறது. அங்கே எரிபொருளை எரிக்கும் பொறி இல்லையாதலால் மாற்றுப்பொறி என்பது பொருந்தாது. ‘மின்மோட்டார் ஏற்றம்’ என்றால் போதும். ‘பேட்டரி ஸ்வாப்’ என்பது மட்டும் வேறு. தீர்ந்த மின்கலத்தை நிலையத்தில் கொடுத்துவிட்டு நிரம்பியதை எடுத்துக்கொண்டு போவது அது. கொடுப்பதும் வாங்குவதும் உண்மையில் நிகழும் அவ்விடத்தில் ‘மின்கலப் பரிமாற்றம்’ என்று தயங்காமல் எழுதலாம்.