உட்கார்ந்தால் வராது, இறங்கினால் வரும்: ஏன்?

டாய்லெட்டில் பத்து நிமிடம் உட்கார வைத்தால் ஒரு சொட்டும் வராது. சரி, போ என்று ஜட்டியை மாட்டிவிட்டால், அடுத்த நிமிடமே வாசற்படியில் குட்டை தேங்கும். இரண்டரை வயதுக் குழந்தை இருக்கும் வீடுகளில் இது வாடிக்கை. வேண்டுமென்றே செய்கிறது என்று பழி போடுவதும் வாடிக்கை. அது அபாண்டம்.

சிறுநீர்ப்பையின் வாயை மூடி வைக்க இரண்டு சுருக்குத் தசைகள் உண்டு. உள்ளே இருப்பது தானாக இயங்கும். நம் பேச்சைக் கேட்காது. வெளியே இருப்பது மட்டும்தான் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும். கைக்குழந்தைக்கு அந்த அதிகாரமும் கைவந்திருக்காது. பை நிறைந்து சுவர் விரிந்ததும், முதுகுத்தண்டும் மூளைத்தண்டும் தமக்குள் பேசி வேலையை முடித்துவிடும். பிறந்த குழந்தை நாளுக்கு இருபது முறை வரை நனைப்பது அதனால்தான். வளர வளர, மூளையின் முன்பகுதி ‘இப்போது வேண்டாம்’ என்று குறுக்கிடப் பழகுகிறது. பையும் பெரிதாகிறது. வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் அதன் கொள்ளளவு மில்லிலிட்டரில் கிடைக்கும் என்பது மருத்துவர்களின் தோராயக் கணக்கு. மூன்று வயதில் சுமார் 120 மி.லி.

அடக்கப் பழகுவது பாதிப் பாடம்தான். நினைத்த இடத்தில் தளர்த்துவதுதான் கடினமான மீதி. தசையை இறுக்கச் சொல்லி ஏவலாம். தளரச் சொல்லி மிரட்ட முடியாது. கால்கள் அந்தரத்தில் தொங்க, துளைக்குள் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் குழந்தை விளிம்பைப் பிடித்திருக்கும். எதிரே அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். இடுப்பின் அடித்தளத் தசைகள் எப்படித் தளரும்? இறங்கி நான்கு எட்டு வைத்ததும் இறுக்கம் போய்விடுகிறது, தேர்வு முடிந்து வெளியே வந்த மாணவனைப் போல. பாதத்துக்கு அடியில் ஒரு முக்காலி, சின்ன வளையம் பொருத்திய இருக்கை, சற்றுத் தள்ளி நிற்கும் அம்மா: இவ்வளவு போதும், பெரும்பாலும்.

நம் பாட்டிகள் கால்களை நீட்டி உட்கார்ந்து, கணுக்கால்களின் மேல் குழந்தையை இருத்தி, ‘உஸ்ஸ்’ என்பார்கள். ஒலியும் செயலும் திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்தால், ஒலியே தூண்டுகோலாகிவிடும். கென்யாவின் டிகோ மக்களும் ஏறத்தாழ இப்படிப் பழக்கி, ஐந்தாறு மாதத்திலேயே பலன் காண்பதை 1977-இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்தது. ஆனால் அங்கே குறிப்பறிவது பெரியவர். தானே உணர்ந்து, நடந்து போய், உடையைக் கழற்றும் திறன் குழந்தைக்குப் பின்னாளில்தான் வரும்.

டயப்பர் செய்யும் குறும்பு வேறு. உள்ளிருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் துகள்கள் ஈரத்தை உறிஞ்சிக் கூழாக்கிவிடுகின்றன. தொடை நனையாததால், என்ன நடந்தது என்பதே குழந்தைக்கு உறைப்பதில்லை. பகலில் துணி ஜட்டிக்கு மாறினால் தரை துடைக்கும் வேலை கூடும். காரணமும் விளைவும் சேர்ந்து புரியும்.

மலம் கழிப்பதில்தான் பெரிய சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒருமுறை இறுகிப் போய் வலித்தால், குழந்தை கதவுக்குப் பின்னால் போய் நின்று, கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க அடக்கும். முக்குகிறது என்று நினைப்போம். நடப்பது அதற்கு நேர்மாறு. உள்ளே தங்கும் மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்ச, அது இன்னும் இறுகும். அடுத்த முறை வலி கூடும். நாளடைவில் மலக்குடல் விரிந்து உணர்வு மழுங்கும். அடைப்பின் ஓரமாகத் தண்ணீராகக் கசிவதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி ஏமாறுவோரும் உண்டு. நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையையும் நெருக்குவதால் ஜட்டியும் நனையும். இங்கே மருத்துவரைப் பார்த்து மலச்சிக்கலைத் தீர்த்த பிறகுதான் பழக்கத்தைத் தொடங்க வேண்டும். உணவு இரைப்பையில் இறங்கியதும் பெருங்குடல் அசைவது உடலின் இயல்பு. ஆகவே உட்கார வைக்கச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரமே உகந்தது.

இரவுக்கு இந்தப் பயிற்சி எதுவும் செல்லாது. தூக்கத்தில் சிறுநீர் சுரப்பைக் குறைக்கும் வாசோபிரெசின் ஹார்மோன் போதிய அளவு சுரக்க வேண்டும். பை நிறைந்த செய்தி கேட்டு மூளை விழிக்கவும் வேண்டும். இரண்டுமே தம் போக்கில் முதிர்பவை. ஐந்து வயதிலும் நூற்றுக்குச் சுமார் 15 குழந்தைகள் படுக்கையை நனைக்கின்றன.